படுக்க மறுத்த மனிதர்

“உங்க வீட்டுல ஒரு தெர்மாமீட்டராவது இருந்திருக்கா?”

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாள், இன்சார்ஜ் சிஸ்டர் ரெஜினா என்னைக் கேட்ட கேள்வி இது. அதற்கு முன் ஊரைக் கேட்டார். வடக்குத்து என்றேன். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, நிலக்கரி போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளுகிறவர் என்றேன். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள் என்றேன். வீட்டில் படித்தவர்கள் யார் என்று கேட்டதற்கு, “நான்தாங்க சிஸ்டர்” என்றேன். அப்போதுதான் தெர்மாமீட்டர் வந்தது.

“இல்லைங்க சிஸ்டர். அதனாலதான் படிச்சேன்.”

“வாய் நல்லா பேசுது. கேஷுவாலிட்டில வாய் வேலைக்கு ஆகாது. எத்தனை நாள் தாங்குறேன்னு பாக்கலாம்.”

தாங்கினேன். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்குக் கேஷுவாலிட்டியைச் சுற்றிக்காட்டும் வேலையை இப்போது அவரே என்னிடம் கொடுத்திருக்கிறார். அப்படி வரும் நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். “அக்கா, நீங்க பாத்ததுலயே ரொம்பப் பயந்த கேஸ் எது?” லாரி விபத்து, தீக்காயம், கரன்ட் அடித்த கேஸ் என்று ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறீர்கள். நான் ஆடிப்போனது ஒரு தொண்டை வலிக்கு. அவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆட்டோவிலிருந்து தன் காலால் இறங்கி நடந்து வந்தார். அவசரமாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் முழுதாக எழுதிவைக்கிறேன்.

1. வேர்த்து வந்தால் ஈ.சி.ஜி.

எங்கள் கேஷுவாலிட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. நாற்பதைத் தாண்டிய ஆண் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டாம். நெஞ்சு என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வோம். சட்டைப் பட்டனைக் கழற்று, கட்டிலில் படுக்க வை, ஈ.சி.ஜி. எடு. ஷிப்ட் வேலை, வெயில், பீடி, சர்க்கரை என்று அப்படி வருகிறவர்கள் இந்த ஊரில் அதிகம். இந்தப் பழக்கம் நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

பலாப்பழ சீசன். முற்பகல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோ நின்று மூன்று பேர் இறங்கினார்கள். நடுவில் இருந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மார்க்கெட்டில் பையும் குடையும் விற்கும் ரஹீம் பாய். பையில் ஜிப் போய்விட்டால் டவுன்ஷிப்பில் பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள். சரியான பேச்சுக்காரர். குடை விலையைக் குறைக்கச் சொன்னால், “விலைய நான் குறைக்கிறேம்மா, மழைய யாரு குறைப்பா?” என்பார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார்.

ஒரு கையை மனைவி பானு பிடித்திருந்தார். இன்னொரு பக்கம் பானுவின் தம்பி யூசுப். பாய் தோளில் கிடந்த துண்டை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டே நடந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“நெஞ்சு வலிக்குதா பாய்?” என்று ஈ.சி.ஜி. டெக்னீஷியன் கேட்டார்.

பாய் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அதைப் பார்க்கும் நிதானம் அங்கே யாருக்கும் இல்லை.

“காலையிலேர்ந்து இப்படித்தாங்க வேர்த்துகினு கீறாரு மச்சான்” என்றார் யூசுப். “சீக்கிரம் படுக்க வச்சு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க.”

டெக்னீஷியனும் யூசுப்பும் சேர்ந்து அவரைக் கட்டிலில் சாய்த்தார்கள். முதுகு கட்டிலைத் தொட்டதுதான் தாமதம், பாய் துள்ளி எழுந்தார். ஈ.சி.ஜி. ஒயர்கள் சிதறின.

“ஆடாதீங்க பாய். ஒரு நிமிஷம் படுங்க, எடுத்துர்றேன்” என்று டெக்னீஷியன் தோளைப் பிடித்து மறுபடி அழுத்தினார்.

நான் பி.பி. கருவியை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சத்தம் நின்றது. அவர் உள்ளே வந்ததிலிருந்து அந்தச் சத்தம் இருந்திருக்கிறது. நின்ற பிறகுதான் எனக்கு அது உறைத்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று எழும் ஒரு சத்தம். இப்போது இல்லை. மார்பு மேலே போய்க் கீழே வந்தது. ஆனால் காற்று போகவில்லை. அவர் கண்கள் என்னைப் பார்த்தன. உதடு என் கண் முன்னால் ஈய நிறத்துக்கு மாறியது.

“விடுங்கண்ணா! தூக்குங்க! உக்கார வைங்க!”

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. டெக்னீஷியன் பயந்து கையை எடுத்தார். நான் பாயின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தூக்கினேன். உட்கார்ந்ததும் தானாக முன்னால் குனிந்தார். அந்தச் சத்தம் திரும்பி வந்தது. இவ்வளவு கொடூரமான ஒரு சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

நன்றாக நடந்து வந்த ஒரு மனிதர், படுக்க வைத்ததால் மட்டுமே செத்துப்போக இருந்தார். இன்றும் ஒருவரைக் கட்டிலில் சாய்க்கும்போது ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்காமல் என்னால் சாய்க்க முடிவதில்லை.

2. களியை வாயில் வைத்த குரல்

அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார விட்டேன். எப்படி உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரே இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, உடம்பை முன்னால் தள்ளி, தாடையை நீட்டி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். மூச்சுக்கு வழி எந்த நிலையில் கிடைக்கிறதோ அந்த நிலையை அவர் உடம்பே கண்டுபிடித்திருந்தது. துண்டை விலக்கியதும் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. துண்டு பிழியலாம் போல நனைந்திருந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாத மனிதர். நெற்றி கொதித்தது.

“பாய், உங்க பேரச் சொல்லுங்க.”

சொன்னார். சுடச்சுடக் கேழ்வரகுக் களியை வாயில் வைத்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குரல். மற்ற நாளில் மார்க்கெட்டில் நான்கு கடை தள்ளிக் கேட்கும் குரல் அது.

“எப்பத்திலேர்ந்துக்கா இப்படி?” என்று பானுவைக் கேட்டேன்.

“நேத்து சாயந்தரம் தொண்டை வலிக்குதுன்னாரு சிஸ்டர். மத்தியானம் மீன் கொழம்பு. சேத்தியாத்தோப்புலேர்ந்து தம்பி வாங்கியாந்த மீனு, ஒரே முள்ளு. முள்ளு மாட்டிக்கிச்சின்னு நெனச்சோம். சோத்து உருண்டை குடுத்தேன், எறங்கல. வாழப்பழம் குடுத்தேன், அதுவும் எறங்கல. ராவெல்லாம் படுக்கல, சேர்லயே உக்காந்துகினு இருந்தாரு. காலையில காய்ச்சல் வேற. முள்ளு குத்தித்தான் காய்ச்சல்னு, வடக்குத்துல தொக்கம் எடுக்கிற செல்வி அக்காகிட்ட கூட்டிகினு போனோம்.”

“போயி?”

“கழுத்துல எண்ணெய் வச்சு நீவி வுட்டாங்க. அப்புறம் வாயில விரல வுட்டு எடுத்துப் பாத்தாங்க. முள்ளு வரல. அதுக்கப்புறம்தான் ரொம்ப மோசமாயிட்டாரு.”

தொக்கம் என்றால் வெளியூர் மாணவிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தொண்டையிலோ வயிற்றிலோ தின்றது சிக்கிக்கொண்டது என்று நம்பி, அதைக் கையால் எடுத்துவிடுகிறவர்களிடம் போவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். செல்வி அக்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். பால் மாடு வைத்திருக்கிறார், தொக்கமும் எடுப்பார். சின்ன வயதில் என்னையே அம்மா அவரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். அவருடைய விரல் என் தொண்டைக்குள் போனது எனக்கு நினைவிருக்கிறது. அந்த விரல்தான் இன்று காலை இந்தத் தொண்டைக்குள் போயிருக்கிறது.

டியூட்டி டாக்டர் இளங்கோ வேகமாக வந்தார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சி. தொண்டை கேஸ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“என்ன சிஸ்டர்?”

“நேத்து சாயந்தரத்திலேர்ந்து தொண்டை வலி சார். காய்ச்சல். எச்சில் முழுங்க முடியல. குரல் மாறியிருக்கு. படுக்க வச்சா மூச்சு நின்னுபோகுது. இழுக்கும்போது சத்தம் வருது.”

டாக்டர் பாயைப் பார்த்தார். சில நொடி பார்த்தார். பிறகு டார்ச்சைப் பாக்கெட்டில் போட்டார். மரக்குச்சியைக் குப்பைக்கூடையில் போட்டார்.

“யாரும் அவரை வாயைத் திறக்கச் சொல்லாதீங்க. தொண்டைய யாரும் பாக்க வேணாம். நானும் பாக்கப்போறதில்ல.”

என் பக்கம் திரும்பி மெதுவாக, “எபிகிளாட்டைட்டிஸ்” என்றார். படிக்கும்போது அந்தப் பாடத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். வாழ்க்கையில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

நாக்கின் அடியில், குரல்வளைக்கு மேலே சின்ன இலை மாதிரி ஒரு மூடி இருக்கிறது. விழுங்கும்போது சோறும் தண்ணீரும் மூச்சுக்குழலுக்குள் போகாமல் அது மூடிக்கொள்ளும். அதில் கிருமி தொற்றி வீங்குவதுதான் இந்த நோய். மூச்சு போகும் வாசலிலேயே வீங்கிய மூடி உட்கார்ந்துகொள்கிறது. குச்சியால் அழுத்தினாலோ, விரலால் சீண்டினாலோ, மல்லாக்கப் படுக்க வைத்தாலோ வாசல் முழுதாக அடைத்துவிடலாம். டார்ச் அடித்து வாயைப் பார்த்தால் தொண்டை பெரும்பாலும் சாதாரணமாகத்தான் தெரியும். “ஒண்ணும் இல்ல, மாத்திரை போடுங்க” என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத தொண்டையில் தாங்க முடியாத வலி என்றால் அதுவே எச்சரிக்கை.

3. சும்மா உட்கார வைத்து

அவருக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும். அதைக் கேஷுவாலிட்டியில் அவசரப்பட்டு முயற்சி செய்யக்கூடாது. முதல் முயற்சியில் போகாவிட்டால் இரண்டாவது முயற்சிக்கு வழி இருக்காது. மயக்க மருந்து டாக்டர் வேண்டும். டியூப் போகாவிட்டால் கழுத்தில் துளை போட ஈ.என்.டி. டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் மயக்க மருந்து டாக்டர் வசந்தி மாடியில் தியேட்டரில் ஒரு சிசேரியனில் இருந்தார். ஈ.என்.டி. டாக்டர் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பியிருந்தார். அதுவரை இந்த மூச்சு அறுந்துவிடாமல் காக்க வேண்டும். அது என் வேலை.

ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் கட்டவில்லை. கட்டினால் பதறுவார் என்று டாக்டர் சொன்னார். அவர் மூக்குக்கு அருகில் என் கையால் பிடித்துக்கொண்டேன். அவரை உட்கார்ந்தபடியே விட்டு, கையில் ஒரு ஊசி ஏற்றி, ஆன்டிபயாட்டிக்கைப் போடத் தொடங்கினோம். ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றாறு சதவீதம் என்று மானிட்டர் காட்டியது. நல்ல எண். அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் என்றுதான் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வாசல் அடைபடும் கடைசி நேரம் வரை மானிட்டர் சிரித்துக்கொண்டேதான் இருக்கும்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஒன்றுமே செய்யாதது போலத் தெரிந்தது. யூசுப் பொறுமை இழந்தார்.

“இன்னாங்க இது? படுக்க வைக்கல, குளுக்கோஸ் பெரிசா ஏத்தல, வாயைத் தொறந்து பாக்கக்கூட இல்ல. சும்மா உக்கார வச்சு வேடிக்கை பாக்குறீங்க. நாங்க பாண்டிச்சேரிக்கே தூக்கிகினு போறோம். மச்சான், எழுந்திரு!”

“அவரத் தொடாதீங்கண்ணா.”

“நீ யாரும்மா என்னைச் சொல்றதுக்கு? டாக்டரா?”

“நர்ஸு. வழியில கார்ல சாஞ்சாருன்னா மூச்சு நின்னுடும். உங்க மடியிலயே நின்னுடும். இங்கயே இருந்தா வழி இருக்கு. நீங்க கத்துனா அவரு பயப்படுவாரு, பயந்தா மூச்சு வேகமாகும், வேகமானா அடைச்சுக்கும். உங்க மச்சான் உயிரோட வேணும்னா வாயை மூடிகினு நில்லுங்க.”

ஒரு நோயாளியின் உறவினரிடம் அப்படிப் பேசக்கூடாது. ரெஜினா சிஸ்டர் எனக்குப் பின்னால் நிற்பது தெரியும். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் யூசுப்பின் தோளில் கை வைத்து, “வாங்க தம்பி, ஈ.என்.டி. டாக்டர் கார் வர்றதுக்கு வாசல்ல வழி பண்ணணும், கூட வாங்க” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். யூசுப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. வாசலில் நின்ற ஆட்டோக்களை அவர் விரட்டும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

பானு மட்டும் அருகில் நின்றார். முந்தானைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில்.

“ஒரு வாய் சுடுதண்ணி மட்டும் சிஸ்டர். நாக்கு நனையட்டும்.”

“வேணாம்கா. ஒரு சொட்டு கூட வேணாம்.”

பாட்டிலை வாங்கி ஜன்னலில் வைத்தேன். பானு என்னை வெறித்துப் பார்த்தார். சாகப்போகிறவருக்குத் தண்ணீர்கூடத் தரவிடாத பாவியாக நான் அவருக்குத் தெரிந்திருப்பேன்.

ரஹீம் பாய் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னைப் பாருங்க பாய். மெதுவா. என்கூட இழுங்க. விடுங்க. அவ்வளவுதான்” என்று நானும் அவரோடு மூச்சு இழுத்தேன். இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கழுத்துக்குழி உள்ளே போனது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. சத்தம் குறைந்தால் நல்லது என்று நினைப்பீர்கள். இல்லை. காற்று குறைகிறது என்று அர்த்தம்.

அப்போது அவர் ஒரு கையை முழங்காலிலிருந்து எடுத்தார். சட்டைப்பையைத் துழாவி ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். கடைச் சாவி. அதைப் பானுவிடம் நீட்டினார்.

பானு வாங்கவில்லை. “எதுக்கு எங்கிட்ட தர்றீங்க? நீங்கதானே தொறக்கணும்? வச்சுக்கோங்க. வச்சுக்கோங்கன்னு சொல்றேன்ல!”

அவர் கையை இறக்கவில்லை. மனைவி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். கை மாஸ்க்கைப் பிடித்திருந்ததால் அழவில்லை.

4. வீல்சேர்

மாடியிலிருந்து தகவல் வந்தது. தியேட்டர் தயார். ஈ.என்.டி. டாக்டரும் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

வார்டு ஊழியர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தியேட்டருக்கு என்றால் ஸ்ட்ரெச்சர்; அது அவர் பழக்கம். “வீல்சேர்ணா! வீல்சேர்!” என்று கத்தினேன். பாயை உட்கார்ந்தபடியே மாற்றினோம். டாக்டர் இளங்கோ ஒரு பக்கம், நான் மாஸ்க்குடன் இன்னொரு பக்கம். லிஃப்ட்டில் ஏறியதும் அவர் தலை தொங்க ஆரம்பித்தது. தாடையை என் உள்ளங்கையால் தாங்கி முன்னால் தள்ளிப் பிடித்தேன். கை முழுக்க எச்சில், அதில் ரத்தக் கோடு.

தியேட்டரிலும் அவரைப் படுக்க வைக்கவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே மயக்க வாயுவைக் கொடுத்தார்கள். வசந்தி மேடம் குழாய் கேமராவை உள்ளே விட்டார். ஈ.என்.டி. டாக்டர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்துப் பக்கத்தில் நின்றார். திரையில் நான் அதைப் பார்த்தேன். இலை மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டிய மூடி, பழுத்து வெடிக்கப்போகும் கோவைப்பழம் மாதிரி சிவந்து உருண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கிழிசல். மூச்சு போகும் வழி எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. மேடம், அவர் விட்ட மூச்சில் ஒரு எச்சில் குமிழி வெடித்த இடத்தைப் பார்த்து, குழந்தைகளுக்குப் போடும் அளவு மெல்லிய டியூபை அதற்குள் செலுத்தினார்.

மார்பு ஏறி இறங்கியது. மானிட்டர் சத்தம் சீராயிற்று.

முகக்கவசத்துக்கு மேலே மேடத்தின் கண்கள் மூடித் திறந்தன. “யாரோ இதுக்குள்ள கை விட்டிருக்காங்க” என்றார். “அதுக்கப்புறமும் மூடாம இருந்திருக்கு. எப்படின்னு எனக்குத் தெரியல.”

முள் எதுவும் இல்லை. முள் எப்போதுமே இருந்ததில்லை.

சில நாள் கழித்து டியூபை எடுத்தார்கள். பார்க்கப் போனேன். குரல் கம்மியிருந்தது. என்னைப் பார்த்ததும் பானுவிடம், “இந்தப் பொண்ணுதான் தண்ணி குடுக்க வுடல” என்றார். பானு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

குழந்தைகளுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் இந்த நோயைக் கொண்டுவரும் முக்கியக் கிருமிக்கும் தடுப்பு இருக்கிறது. அதனால் குழந்தைகளிடம் இதைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ஆனால் தடுப்பூசி விட்டுப்போன குழந்தை வரலாம். வேறு கிருமியால் பெரியவர்களுக்கும் வரலாம். குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும்: தாய் மடியிலிருந்து பிரிக்காதீர்கள், அழ வைக்காதீர்கள், மூச்சுக்கு வழி செய்யும் வரை ஊசிகூட வேண்டாம். எச்சில் ஒழுகுவது, குரல் மாறுவது, முன்னால் குனிந்தே உட்காருவது, படுக்க மறுப்பது, இழுக்கும் மூச்சில் சத்தம். எல்லாம் ஒன்றாக வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் கேஷுவாலிட்டியில் இப்போது ஈ.சி.ஜி.க்குச் சாய்ப்பதற்கு முன்னால், “படுக்க முடியுமா?” என்று கேட்கிறோம். முடியாது என்று ஒருவர் சொன்னால், அடம் பிடிக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை.

5. செல்வி அக்கா

ஆனால் என்னால் அதோடு விட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் எத்தனை கவனமாக இருந்தாலும், எங்களிடம் வருவதற்கு முன்னால் நோயாளிகள் போகும் வாசல் வேறு. வாரலீவு அன்று செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

“வாடி நர்சம்மா! என் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தியா?”

“ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?”

“பின்ன? பை கடை பாய் வூட்டுக்காரங்க சொல்லிகினு கீறாங்களாமே, நான் விரல வுட்டுத்தான் கெட்டுப்போச்சின்னு. எங்கிட்ட வாங்கன்னு யாரையும் நான் வெத்தலபாக்கு வச்சுக் கூப்புடல. முள்ளு வரல, வேற எடத்துல பாருங்கன்னு நாந்தான் அனுப்புனேன். முள்ள எடுத்துட்டாங்களா?”

“முள்ளே இல்லக்கா.”

தவிட்டுக் கையோடு நிமிர்ந்தார். தொண்டையில் இருக்கும் மூடியைப் பற்றிச் சொன்னேன். அது வீங்கிச் சிவந்திருந்ததைச் சொன்னேன். படுக்க வைத்ததும் மூச்சு நின்றதைச் சொன்னேன். கிழிசலைச் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு அவரே வந்து சேர்ந்தார்.

“கைய வுட்டப்ப உள்ள நெருப்பாட்டம் கொதிச்சுதுடி. கொழகொழன்னு ஏதோ பட்டுச்சு. அந்த ஆளு எங்கைய இறுக்கிப் புடிச்சாரு. முள்ளு குத்துது போலன்னு இன்னுங் கொஞ்சம் உள்ள வுட்டேன்.” சொல்லிவிட்டுத் தன் விரலைப் பார்த்தார். “செத்திருப்பாரா?”

“இருக்கலாம்கா. எங்க ஈ.சி.ஜி. கட்டில்லயும் செத்திருப்பாரு.”

செல்வி அக்கா மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மாடு அவர் கையிலிருந்த தவிட்டை நக்கியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“நான் என்னத்தக் கண்டேன்? உங்கிட்ட மிஷினு கீது. எங்கிட்ட இன்னா கீது?”

“மிஷின் அவரு நல்லா இருக்காருன்னுதான்க்கா சொல்லுச்சு. கண்ணு போதும். காய்ச்சலோட வந்தா, எச்சில் ஒழுகினா, குரல் மாறியிருந்தா, படுக்க முடியலன்னா, வாயத் தொடாதீங்க, கழுத்த நீவாதீங்க. உக்காந்த வாக்குலயே அனுப்பிடுங்க.”

ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது.

“ஏண்டி, காடாம்புலியூர்ல எங்க ஒறவுக்காரன் ஒருத்தன் எடுக்கிறான். அவங்கிட்ட வர்றதெல்லாம் கைக்கொழந்தைங்கடி.”

போன ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வி அக்காவும் காடாம்புலியூர் பஸ் ஏறினோம். முந்திரித்தோப்பை ஒட்டிய வீடு. அந்த உறவுக்காரர் பெயர் ஏழுமலை. வாசலில் இரண்டு தாய்மார் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வந்த விஷயத்தைச் செல்வி அக்கா என்னைச் சொல்ல விடவில்லை. பாய் கதையை முழுக்க அவரே சொன்னார். தன் விரலைத் தூக்கிக் காட்டி, “இந்த வெரலுதான்டா” என்றார். தாய்மார்கள் குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

ஏழுமலை அந்தத் தாய்மார்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சரிம்மா, அனுப்புறேன். அனுப்புனா அங்க யாரு பாப்பாங்க? கைலி கட்டிகினு போனாவே டோக்கன் போட்டு ஓரமா உக்கார வச்சுடுவாங்க. அதுக்குத்தானே எல்லாரும் எங்கிட்ட ஓடியார்றாங்க?”

அவர் அப்படிக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

“ஆஸ்பத்திரியில பேசிட்டேங்க. ரெஜினா சிஸ்டரும் டாக்டரும் ஒத்துக்கிட்டாங்க. ‘தொக்கம் எடுக்கிற எடத்துலேர்ந்து அனுப்புனாங்க, எச்சில் முழுங்க முடியல’ன்னு வாசல்ல சொன்னாப் போதும். டோக்கன் கிடையாது. நேரா உள்ள.”

அவர் செல்வி அக்காவைப் பார்த்தார். செல்வி அக்கா தலையை ஆட்டினார். ஏழுமலை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு, “கேஷுவாலிட்டி நம்பரச் சொல்லும்மா” என்றார்.

சொன்னேன். அவர் அங்கேயே அந்த நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.